சென்னையில் பிள்ளைகளுக்குக் கோடைப் பாய்மரப் படகுப் பயிற்சி: சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது, பத்து, பதினொன்று வயதில் பிள்ளை இருந்தால், தண்ணீரைக் கண்டு அலறாத பிள்ளையாகவும் இருந்தால், தாராளமாகச் சேருங்கள். பதின்மூன்று தாண்டி உடம்பு போட்ட பிள்ளை என்றால், எந்தப் படகில் ஏற்றுவீர்கள் என்று முதலில் கேளுங்கள், பதில் சரியாக வந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.

என் மகளையும் (பத்து வயது) அக்கா மகனையும் (பதின்மூன்று முடிந்துவிட்டது) இந்த மே மாதம் சென்னைத் துறைமுகத்துக்குள் நடந்த தொடக்கநிலை முகாமில் சேர்த்திருந்தோம். ஒரே முகாம், ஒரே பயிற்சியாளர்கள், ஒரே தண்ணீர், ஆனால் இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். கிளப்பின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அவை அடுத்த வருடம் சரியாகியிருக்கலாம், அதோடு இதில் பெரும்பகுதி நீங்கள் எந்த ஊரில் எந்த கிளப்பில் விசாரித்தாலும் பொருந்தும்.

இந்தப் பயிற்சியில் பாதி வாத்தியார் வேலையைப் படகே செய்துவிடுகிறது. ஆப்டிமிஸ்ட் என்று பெயர், பிள்ளைகள் ஆப்டி என்கிறார்கள். மூக்கு நறுக்கிய தொட்டி மாதிரி இருக்கும், முதல் தடவை பார்க்கும்போது இதுவா கடலில் போகும் என்றுதான் தோன்றும். நீளம் 2.3 மீட்டர், உடல் எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் வரைந்தது. அந்த ஊர் ஆப்டிமிஸ்ட் கிளப் என்ற சமூகசேவைச் சங்கத்தாருக்குப் பிள்ளைகள் ஓட்ட மலிவாக ஒரு படகு வேண்டியிருந்தது, ஐம்பது டாலருக்குள் செய்துவிட வேண்டும் என்று பேச்சு. நாலுக்கு எட்டு அடி பிளைவுட் பலகையில் அடங்க வேண்டுமே என்றுதான் அந்த மூக்கு அப்படி மொட்டையாகப் போனது. 1954-ல் டென்மார்க் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, 1965-ல் இதற்கென்றே சர்வதேசச் சங்கம் வந்து, இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். போட்டிகளில் 15 வயது வரைதான் அனுமதி.

இந்த வரலாற்றையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், படகு அப்படி இருப்பதால்தான் பயிற்சியும் இப்படி இருக்கிறது. இதில் ஒரு பிள்ளைதான் உட்கார முடியும். பக்கத்தில் பெரியவர் இல்லை. சுக்கானும் அவள் கையில், பாய்க்கயிறும் அவள் கையில், எங்கே சாய்ந்து உட்காருவது என்பதும் அவள் முடிவு. நீச்சல் வகுப்பில் மாஸ்டர் பக்கத்தில் நிற்பார், சைக்கிள் பழகினால் நாம் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவோம். இங்கே முதல் வாரத்திலேயே பத்து வயதுப் பிள்ளை தனியாக ஒரு வாகனத்தை ஓட்டுகிறது, அதுவும் பிரேக் இல்லாத வாகனத்தை. நம் பிள்ளைகளுக்கு வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பொறுப்பை யாரும் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதற்காகத்தான் நான் இந்தப் பயிற்சிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

பிரேக் இல்லை என்றேன், ஆனால் நிறுத்த வழி இருக்கிறது, அதைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள். முதல் நாள் முழுக்கத் தரையில்தான். படகைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாய்மரத்தை நட்டு, பாயைச் சின்னச் சின்னக் கயிற்றுத் துண்டுகளால் மரத்தோடு கட்டி, ஸ்ப்ரிட் என்ற குறுக்குக் கம்பைப் பாயின் மேல்மூலையில் மாட்டி, ஒவ்வொன்றையும் பிள்ளைகளே செய்ய வேண்டும். அந்த கிளப்பில் காசிமேட்டுக்காரர் ஒருவர் படகுகளைப் பார்த்துக்கொள்கிறார், பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அண்ணாதான். மெயின்ஷீட் என்ற பாய்க்கயிற்றை என் மகள் கையில் கொடுத்து, இன்னொரு பிள்ளையை விட்டுப் படகைக் காற்றுக்குப் பக்கவாட்டாகத் திருப்பச் சொல்லி, பாய் புடைத்து இவள் கையை இழுத்ததும், "பாப்பா, பயமா இருந்தா என்ன பண்ணுவ? கயித்தை விட்டுடு. அவ்ளோதான். விட்டா படகு நின்னுடும்" என்றார். கயிற்றை விட்டாள், பாய் படபடவென்று அடித்துக்கொண்டு சும்மா தொங்கியது. திரும்ப இழுக்கச் சொன்னார், திரும்ப விடச் சொன்னார். அரை மணி நேரம் இதையேதான் எல்லாப் பிள்ளைகளும் செய்தார்கள்.

பார்க்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருந்தது. ஆனால் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் அதன் அருமை புரிந்தது. காற்று திடீரென்று கூடினால் பிள்ளையின் கை தானாக இறுகும், இறுக்கிப் பிடித்தால் பாய் இன்னும் காற்று வாங்கும், படகு கவிழும். பயந்தால் பிடியை விட வேண்டும் என்பது உடம்புக்குப் பழக வேண்டும், சொல்லி வராது. இதைத் தரையில் அரை மணி நேரம் பழக்கும் கிளப்பை நம்பலாம். முதல் நாளே ஆசைக்கு ஒரு ரவுண்டு என்று தண்ணீரில் தள்ளிவிட்டு ஃபோட்டோ எடுத்து அனுப்பும் இடங்களும் உண்டு என்று மற்ற பெற்றோர் சொல்லக் கேட்டேன். அப்படி இருந்தால் யோசியுங்கள்.

அப்புறம் கவிழ்த்துப் பழகுவது. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது, உண்மை. கரையோரம், பயிற்சியாளர் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, ஒவ்வொரு பிள்ளையும் தன் படகைத் தானே கவிழ்க்க வேண்டும். பாய் தண்ணீரில் படுக்கும், பிள்ளை விழும். படகை விட்டு விலகவே கூடாது, அதுதான் முதல் விதி. நீந்திக்கொண்டு படகின் அடிப்பக்கம் சுற்றி வர வேண்டும், நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் டாகர்போர்ட் பலகையைப் பிடித்துத் தொங்க வேண்டும், முடிந்தால் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பாய்க்கு மேல் தண்ணீர் கனக்கும். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பாய் மேலே வரும், பாதி வந்ததும் சட்டென்று நிமிரும். நிமிர்ந்த படகு விளிம்பு வரை தண்ணீரோடு நிற்கும். மூழ்காது, உள்ளே காற்றடைத்த பைகள் மூன்று கட்டியிருக்கும். அப்படியே ஏறி உட்கார்ந்து, பிளாஸ்டிக் கேனை வெட்டிச் செய்த மொண்டு ஊற்றும் பாத்திரத்தால் தண்ணீரை இறைக்க வேண்டும். பெய்லர் என்கிறார்கள், அதுவும் ஒரு கயிற்றால் படகோடு கட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கவிழ்ந்தவுடன் அது மிதந்து போய்விடும். பாய்மரத்தின் அடியிலும் இதே மாதிரி ஒரு சின்னக் கயிறு, தலைகீழாகும்போது மரம் உருவிக்கொண்டு போகாமல் இருக்க. அந்தக் கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் படகையும் தண்ணீரில் இறக்க விடமாட்டார் அந்த அண்ணா. என் மகள் இரண்டாவது முறை கவிழ்த்து நிமிர்த்தி ஏறியதும் இறைக்கவே மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவளுக்குப் பயம் இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ இந்தச் சின்னப் படகுகளைக் கரையிலிருந்து இறக்கினால் அலை உடைக்கும் இடத்திலேயே புரட்டிப் போட்டுவிடும். இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது, அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தார்கள். சுவர் கட்டித் துறைமுகம் உண்டாக்கி, அதை 1881 புயல் உடைத்துப் போட்டு, அப்புறம் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத் தலைவராக இருந்தபோது வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றி அமைத்த பிறகுதான் உள்ளே தண்ணீர் ஓரளவு அடங்கியது. அந்த அடங்கிய தண்ணீரில்தான் இன்று நம் பிள்ளைகள் பழகுகிறார்கள். காற்று உண்டு, அலை இல்லை. தொடக்கநிலைக்கு இதைவிட நல்ல இடம் சென்னையில் கிடையாது.

காற்றும் ஒத்துழைக்கிறது. மே மாதக் காலையில் பெரும்பாலும் கரையிலிருந்து மேல்காற்று லேசாக இருக்கும். முற்பகலில் அது செத்துப் போய் ஒரு புழுக்கம் வரும், படகுகள் அப்படியே நிற்கும், பிள்ளைகள் சுக்கானை ஆட்டி ஆட்டி நகரப் பார்ப்பார்கள். அப்புறம் கடல்காற்று வரும், வரும்போதே கிழக்கே தண்ணீரின் நிறம் மாறிக் கருத்து வருவது தெரியும். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தாலே பாதிப் பாடம் முடிந்தது என்றார் பயிற்சியாளர். அக்னி நட்சத்திர நாட்களில் மேல்காற்று வலுத்துவிட்டால் கடல்காற்று பிற்பகல் தாண்டியும் உள்ளே வராது, அந்த நாட்களில் வெயில் கொன்றுவிடும். காலை வகுப்பா மாலை வகுப்பா என்று கேட்டால் முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் காலையைத்தான் சொல்வேன். மாலைக் கடல்காற்று சில நாள் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம்.

எதிர்க்காற்றில் போகக் கற்பதுதான் உண்மையான படிப்பு. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி விட்டுத்தான் போக முடியும். அதனால் ஒரு பக்கம் கொஞ்ச தூரம், திருப்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். திருப்பும்போது வேகம் போதாவிட்டால் நடுவிலேயே மாட்டிக்கொண்டு, பாய் அடித்துக்கொள்ள, படகு பின்னால் போகும். முதல் சில நாட்கள் என் மகள் இப்படி நின்றதுதான் அதிகம். டாகர்போர்டைப் பாதி தூக்கி வைத்துவிட்டு ஓட்டினால் படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் சறுக்கும், தண்ணீருக்குள் இருக்கும் அந்தப் பலகைதான் காற்றின் தள்ளலைப் பிடித்து நிறுத்தி முன்னோட்டமாக மாற்றுகிறது. அவள் ஒருநாள் அப்படிச் சறுக்கிக்கொண்டே சுவர்ப் பக்கம் போக, "போர்டை இறக்கு, போர்டை இறக்கு" என்று கரையிலிருந்து கத்தினார்கள். இறக்கினாள், அடுத்த நொடியே படகு நேராக ஓடியது. அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியை நிறுத்தி எனக்கு விளக்கினாள், பலகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விசையைப் பற்றிப் பேசுகிறது, யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல்.

விதிகளையும் சொல்லித்தருகிறார்கள். காற்றை வலப்பக்கத்திலிருந்து வாங்கும் படகுக்கு வழி விட வேண்டும், இடப்பக்கத்திலிருந்து வாங்குகிறவர் விலக வேண்டும். எதிரெதிரே வரும்போது உரிமை உள்ள பிள்ளை "ஸ்டார்போர்டு" (அதாவது வலப்பக்கம்) என்று குரல் கொடுக்கும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சின்னப் பெண் அங்கே தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்து அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அக்கா மகன் விஷயம். அவன் உயரம், எடையும் ஐம்பது கிலோ தாண்டும். ஆப்டியில் அவன் உட்கார்ந்தால் படகு தண்ணீரில் அமுங்கியது, கால் மடக்க இடமில்லை, பாயின் அடியில் கிடக்கும் பூம் கம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைக் குனிய வைத்தது. லேசான காற்றில் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம் அவனைக் கடந்து போனார்கள். அந்த வயதில் அது சாதாரண வருத்தமில்லை. மூன்றாம் நாளே "சித்தி, நான் வரலை" என்றான். அக்கா போய்ப் பேசியபோது, பெரிய படகுகள் தேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இது ஏற்கவில்லை. விதிப்படி 15 வயது வரை ஆப்டி ஓட்டலாம், சரி, ஆனால் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த ஒல்லிப் பிள்ளைக்கு அது பொருந்தும், புதிதாகக் கற்க வரும் வளர்ந்த பையனுக்கு இல்லை. அவனை இரண்டு பேர் ஓட்டும் படகில் ஓட்டத் தெரிந்த ஒருவரோடு ஏற்றலாம், அல்லது காற்று குறைந்த நேரத்தில் ஐஎல்சிஏ 4 என்ற, ஒருவர் ஓட்டும் கொஞ்சம் பெரிய படகைக் கொடுக்கலாம். முன்பு லேசர் 4.7 என்று இருந்ததே, அதுதான். 4.7 சதுர மீட்டர் பாய், அதே உடலில் பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினால் ஐஎல்சிஏ 6, 7 என்று ஒலிம்பிக் வரை போகும் படகு. கடைசி வாரத்தில் ஒரு இளம் பயிற்சியாளர் தானாக முன்வந்து இரண்டு பேர் படகில் அவனைக் கூட்டிப்போனார், அன்றைக்குத்தான் அவன் முகத்தில் உயிர் வந்தது. முதல் நாளே செய்திருக்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மட்டும் கண்டிப்பாக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு. லைஃப் ஜாக்கெட் கிளப்பே கொடுக்கிறது, ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். படகுப் பயிற்சியில் பிள்ளைகள் போடுவது பெரும்பாலும் 50 நியூட்டன் வகை மிதப்பு அங்கி. கை கால் வீசி வேலை செய்ய வசதியாக இருக்கும், சுய நினைவோடு இருக்கும் பிள்ளையை மிதக்க வைக்கும், ஆனால் மயங்கிக் குப்புறக் கிடப்பவரைத் திருப்பிப் போடாது. முகத்தை மேலே திருப்பிப் போட 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ள கனமான வகை வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு படகு ஓட்டுவது கஷ்டம். ஆகவே கண்காணிக்கும் மோட்டார் படகு பக்கத்திலேயே இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அங்கியைப் போட்டதும் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுக்கு மேலே ஏறினால் பெரிய அளவு, மாற்றச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குக் காலுக்கிடையில் போகும் பட்டை இருந்தால் நல்லது. நீச்சல் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் முகம் தண்ணீருக்குள் போனால் பதறாத அளவுக்காவது தெரிய வேண்டும். நீச்சலே தெரியாத பிள்ளையை அந்த ஜாக்கெட்டை நம்பி அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், கிளப் ஒத்துக்கொண்டாலும்.

எனக்குப் பெரிய குறையும் இதில்தான். ஒரு பிற்பகல் காற்று கூடி இரண்டு படகுகள் துறைமுகத்தின் மறுபக்கம் அடித்துச் செல்லப்பட, இருந்த ஒரே மோட்டார் படகு அவற்றை இழுத்துவரப் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் அதுவரை கரையோரம் பயிற்சியாளர் குரலை நம்பி இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் சொன்னபடி பாயை விட்டுவிட்டு அமைதியாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் அத்தனை பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது இரண்டாவது மோட்டார் படகு ஓட்டுநரோடு தயாராக இருக்க வேண்டும். நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து போய்ச் சொன்னோம். மறுநாளிலிருந்து இரண்டு படகு வந்தது, அதற்கு நன்றி. கேட்ட பிறகு வரக்கூடாது, முதல் நாளே இருக்க வேண்டும்.

மற்ற குறைகள் சின்னவை. பாய்கள் சில ரொம்பப் பழசு, துணி தளர்ந்து பை மாதிரி தொங்குகிறது, அந்தப் படகு வந்த பிள்ளைக்கு எதிர்க்காற்றில் ஏறவே வராது, தன் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். பெற்றோர் உட்கார நிழல் போதாது. பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறை ஒன்றுதான், வரிசை நிற்கிறது. கடைசி நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சான்றிதழ் கொடுத்தார்கள், அதில் பிள்ளை என்ன கற்றது என்று ஒரு வரி இல்லை. பிரிட்டனில் ஆர்ஒய்ஏ என்ற அமைப்பு பிள்ளைகளுக்கு நாலு நிலை வைத்திருக்கிறது, ஒவ்வொரு நிலைக்கும் முடிச்சு போடத் தெரியுமா, கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரியுமா, எதிர்க்காற்றில் ஓட்டத் தெரியுமா என்று பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அது மாதிரி ஒரு சின்ன நோட்டு கொடுத்தால் போதும், அடுத்த வருடம் எங்கிருந்து தொடங்குவது என்று பிள்ளைக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும்.

போகப்போகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், வாயிலில் மத்தியப் படைக் காவலர்கள் பார்த்துத்தான் விடுவார்கள். கிளப் ஏற்பாடு செய்யும், ஆனால் அடையாள அட்டை நகல்களை முன்னாடியே கொடுத்துவிடுங்கள், முதல் நாள் காலையில் வாயிலில் நின்று ஃபோன் போட்டுக்கொண்டிருந்தால் வகுப்பு போய்விடும். உள்ளே கண்ட இடத்தில் ஃபோட்டோ எடுக்கக் கூடாது. ராயபுரம் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் வண்டி நகராது, தென்சென்னையிலிருந்து வருகிறவர்கள் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கைச் சட்டை, அதுவும் சீக்கிரம் காயும் துணியில். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் இழுத்துப் பிடிக்கும். தொப்பிக்குக் கயிறு, கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடிக்கும் கயிறு. செருப்பு ஆகாது, முன்பக்கம் மூடிய பழைய கேன்வாஸ் ஷூ போதும். படகு இறக்கும் சரிவில் சிப்பி ஒட்டியிருக்கும், வெறுங்காலைப் பிளேடு போலக் கீறிவிடும், எங்கள் குழுவில் ஒரு பையனுக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. தண்ணீர் பாட்டிலைப் படகுக்குள் கட்டிக்கொள்ள ஒரு கயிறு கேளுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் காதுக்கும் சன்ஸ்கிரீன் கட்டாயம், தண்ணீரிலிருந்து அடிக்கும் வெயில் தொப்பிக்குக் கீழேயும் வரும். துறைமுகத் தண்ணீர் சுத்தமானதென்று சொல்லமாட்டேன், டீசல் வாடை இருக்கும், சில நாள் பிளாஸ்டிக் மிதக்கும், எப்போதாவது சொறி மீன் (ஜெல்லி மீன்) வரும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் தலைக்குக் குளிக்க வையுங்கள், காயம் இருந்தால் அன்றைக்கு இறக்காதீர்கள். சாமான் எதுவும் முதல் வருடம் வாங்க வேண்டாம், படகு பற்றிக் கனவிலும் நினைக்காதீர்கள், ஐம்பது டாலருக்குள் என்று பிறந்த படகு இன்றைக்குப் போட்டித் தரத்தில் புதிதாக வாங்கினால் லட்சங்களில் போகும். கிளப் படகே தாராளம்.

கட்டணம் நீச்சல் முகாமைவிட நன்றாகவே அதிகம், மறைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நியாயம் கிடைப்பது முகாம் முடிந்த பிறகு தொடர்ந்தால்தான். கோடை முகாமில் பிள்ளை பயத்தை விடுகிறது, திருப்பக் கற்கிறது, எதிர்க்காற்றில் தட்டுத் தடுமாறி ஏறுகிறது, அவ்வளவுதான். கை பழகுவதற்குள் பள்ளி திறந்துவிடுகிறது. வார இறுதிகளில் தொடரலாமா, உறுப்பினர் ஆகாமல் வரலாமா, என்ன செலவு என்பதைச் சேரும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கிளப்பில் தொடர வழி இருக்கிறது, மகள் சனிக்கிழமை போகிறாள்.

இது வீணான ஆசையில்லை என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. நேத்ரா குமணன் 2009-ல் சிறுமியாக இதே ஊரில் ஒரு கோடை முகாமில்தான் முதன்முதலாகப் பாய்மரப் படகில் ஏறினார். பரதநாட்டியம், டென்னிஸ் என்று பலதும் முயன்ற பிள்ளை. 2021-ல் ஓமனில் நடந்த தகுதிப் போட்டியில், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார், டோக்கியோவுக்கும் பிறகு 2024-ல் பாரிசுக்கும் போனார். டோக்கியோவுக்கு அவரோடு போன கே.சி. கணபதியும் வருண் தக்கரும் சென்னைக்காரர்கள், 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய ஜோடி. விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதே ஹாங்சோவில் ஐஎல்சிஏ 4 பிரிவில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துப் பெண், போபால் ஏரியில் பழகியவர். ஏரியில் பழகியே அவ்வளவு தூரம் போக முடிகிறது, நமக்கு வாசலில் கடல் கிடக்கிறது. ஆனாலும் சென்னையில் எத்தனை பள்ளிகளில் இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியும்? எங்கள் குழுவில் காசிமேட்டிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ ஒரு பிள்ளைகூட இல்லை. காற்றை முகத்தில் பார்த்தே சொல்லும் மீனவர் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். கட்டணத்தில் சலுகை கொடுத்து அந்தப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சேர்த்தால் நீங்களும் எழுதுங்கள், நாலு பேர் எழுதினால்தான் நடக்கும்.

இடங்கள் குறைவு, படகு எத்தனை இருக்கிறதோ அத்தனை பிள்ளைகள்தான். தேர்வு முடியட்டும் என்று ஏப்ரல் கடைசியில் ஃபோன் செய்தால் மே முதல் குழு நிரம்பியிருக்கும், மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது தண்ணீரில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை மோட்டார் படகு, கவிழ்த்துப் பழக்குவது எந்த நாள், வளர்ந்த பிள்ளைக்கு எந்தப் படகு, இந்த மூன்றையும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறார்கள் என்றால் கட்டிவிடலாம்.